ஒரு வார லீவு, ஒரு சைக்கிள், ஐந்து பயணங்கள்... கும்பகோணத்தைச் சுற்றிவர ஒரு பக்கா பிளான்!

ஒரு வாரம் லீவு கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்த லீவு எப்படிக் கரைகிறது என்று பார்த்தால், அதைவிடப் பெரிய விஷயம்! முதல் நாள் தூக்கம். இரண்டாம் நாள் பேங்க், கேஸ் ஏஜென்சி, கரன்ட் பில். மூன்றாம் நாள் ஒரு கல்யாணம். நான்காம் நாளிலிருந்து செல்போன். ஞாயிற்றுக்கிழமை இரவு, ‘அடடா, எங்கேயும் போகலையே’ என்ற பெருமூச்சு.

கார் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாலும் பாதி லீவு வளைவுகளில் வரிசைகட்டி நிற்பதிலேயே போய்விடுகிறது. இதற்கு நேர் எதிரான ஒரு வழி இருக்கிறது. ஓர் ஊரில் ரூம் எடுத்துத் தங்குவது. தினமும் விடிகாலையில் சைக்கிளில் ஒரு திசையில் கிளம்பிப் போய், சாயங்காலத்துக்குள் அதே ரூமுக்குத் திரும்பிவிடுவது. மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மழை வந்தாலோ, கால் வலித்தாலோ அடுத்த நாள் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம். சைக்கிள் ஓட்டாத வீட்டு ஆட்கள் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வந்து சேர்ந்துகொள்ளலாம்.

இதற்கென்றே அமைந்ததுபோல் ஓர் ஊர், கும்பகோணம். தரை தட்டையானது, ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலங்களில் ஏறுவது மட்டும்தான். நான்கைந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஒவ்வோர் ஊரிலும் ஒரு கோயில், ஒரு டீக்கடை. கிழக்கேயும் மேற்கேயும் ரயில் பாதை. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் ஊர். எந்தத் திசையில் போனாலும் கொஞ்ச தூரத்தில் வயல் வந்துவிடும்.

ஆனால், பல வருடம் சைக்கிளைத் தொடாத ஒருவர் நேராகப் போய் 70 கிலோமீட்டர் மிதித்தால், அந்த வாரத்தின் மிச்ச நாள்கள் தைலத்தோடுதான் போகும். அதனால் எந்த நாளில் எவ்வளவு தூரம், எந்தத் திசை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதில்தான் முழு லீவும் அடங்கியிருக்கிறது.

எப்போது போகலாம்?

பொங்கல் முடிந்து பிப்ரவரி இறுதி வரையிலான நாள்கள் சிறந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வெயில் இன்னும் ஏறியிருக்காது. சம்பா நெல் முற்றி, சாலையின் இருபுறமும் பொன் நிறத்தில் தலைசாய்த்து நிற்கும். சில வயல்களில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். நெல்லை அறுப்பதற்குச் சில நாள் முன்பே உளுந்து, பயறு விதைத்துவிடுவது டெல்டா வழக்கம் என்பதால், அறுத்த தாளுக்கு நடுவே பச்சைத் துளிர் எட்டிப்பார்க்கும்.

ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஆசையென்றால் ஜனவரியிலேயே போய்விடுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அணையின் நீர் இருப்பைப் பொறுத்துத் தேதிகள் முன்பின்னாகும் என்றாலும், பிப்ரவரியில் பல ஆறுகளில் மணலே தெரியும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழை. ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்கே தார் ரோடு கொதிக்கும். இரண்டும் வேண்டாம். தைப்பூசத்தன்று சுவாமிமலையிலும் திருவிடைமருதூரிலும் கூட்டம் அலைமோதும். தரிசனம்தான் நோக்கம் என்றால் சரி. சைக்கிள்தான் நோக்கம் என்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

காற்றைக் கேட்டுத் திசையை முடிவு செய்யுங்கள்

பைக்கில் போகிறவருக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. சைக்கிளில் போகிறவருக்கு மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு! தை, மாசி மாதங்களில் டெல்டாவில் பொதுவாக வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் காற்று வீசும். விடிகாலையில் லேசாக இருக்கும் காற்று, மதியத்துக்கு மேல் வலுக்கும்.

அதனால், நீண்ட பயணத்தை வடக்கு, கிழக்குத் திசைகளில் வைத்துக்கொள்ளுங்கள். தெம்பாக இருக்கும் காலையில் எதிர்காற்று. களைத்துத் திரும்பும்போது காற்றே முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து விடும். மேற்கே போகும் பயணங்களைக் குறுகியதாக வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பறப்பதுபோல் இருக்கும். ‘நமக்கு இவ்வளவு ஸ்டாமினாவா’ என்று ஏமாந்து வெகுதூரம் போனால், திரும்பும்போது காற்று அசலும் வட்டியுமாக வசூலித்துவிடும்.

ஒரு சின்ன கணக்கு

புதிதாக மிதிக்கிறவர் மணிக்கு 12 கிலோமீட்டர் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த தூரத்தை 12-ஆல் வகுத்தால் மிதிக்கும் நேரம் வரும். அதில் பாதியை டீ, கோயில், போட்டோ, நிழலில் உட்காருவதற்காகச் சேருங்கள். பஞ்சர், வழி தவறுதல் போன்றவற்றுக்காகத் தனியே 1 மணி நேரம். 36 கிலோமீட்டர் என்றால் 3 மணி, அதோடு ஒன்றரை, அதோடு 1 — ஆக ஐந்தரை மணி நேரம். காலை 6.30-க்குக் கிளம்பினால் நண்பகல் 12-க்கு ரூமில் இருக்கலாம்.

ஜனவரியில் இந்தப் பக்கம் சூரியன் உதிக்கவே காலை 6.30 மணியைத் தாண்டிவிடும். மாலை 6 மணியை ஒட்டி மறைந்துவிடும். எந்த நாளானாலும் 5 மணிக்குள் ஊர் திரும்பிவிடுவது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துச் சாலைகளில் பல இடங்களில் விளக்கு கிடையாது.

இன்னொன்று... பெரும்பாலான கோயில்களில் நண்பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். 11.55-க்கு வேர்க்க விறுவிறுக்க வாசலில் போய் நிற்பதைவிட, கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது புத்திசாலித்தனம்.

சனிக்கிழமை: சைக்கிளுக்கு ஒரு ஹெல்த் செக்கப்

விலை உயர்ந்த கியர் சைக்கிள் அவசியமே இல்லை. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படித்தபோது மகளுக்கோ மகனுக்கோ கிடைத்த இலவச சைக்கிள் வீட்டு மூலையில் தூசி படிந்து நிற்கிறதா? நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும். சாதாரண சைக்கிளில் பால்காரர்களும் வயலுக்குப் போகிறவர்களும் தினமும் இதே சாலைகளில்தான் போய்வருகிறார்கள்.

வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் சைக்கிளை ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் புக் செய்து கொண்டுவரலாம். எல்லா ரயிலுக்கும், எல்லா நிலையத்திலும் இந்த வசதி இருக்காது என்பதால், டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வந்து சேர்ந்ததும் ஒரு சைக்கிள் கடைக்குப் போய் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா, சக்கரம் கோணலில்லாமல் சுற்றுகிறதா, டயரில் வெடிப்பு உண்டா, செயினுக்கு எண்ணெய் போட வேண்டுமா, பெல் அடிக்கிறதா? டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும்.

சீட் உயரம் ரொம்ப முக்கியம். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு. இரண்டே நாளில் முட்டி வலி வந்துவிடும். இடுப்பு இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து மிதிக்க வேண்டியிருந்தால் சீட் உயரம்.

ஞாயிறு: தாராசுரம் - பழையாறை - பட்டீஸ்வரம் (சுமார் 20 கி.மீ.)

முதல் பயணம் உடம்பையும் சைக்கிளையும் சோதித்துப் பார்ப்பதற்கு. கும்பகோணத்திலிருந்து 4 கிலோமீட்டரில் தாராசுரம். இரண்டாம் ராஜராஜ சோழன் 12-ம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில், 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமானது. குதிரைகள் இழுக்கும் தேர்போல அமைந்த மண்டபம், அறுபத்துமூன்று நாயன்மார்களின் கதையைச் சொல்லும் குட்டிக் குட்டிச் சிற்பங்கள் என்று நின்று பார்க்க ஏராளம். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை. மறுபக்கத்தை மறைத்தால் காளை!

அங்கிருந்து தெற்கே பட்டீஸ்வரம் போகும் வழி, ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களுக்குச் சிலிர்ப்பூட்டும். குந்தவை வாழ்ந்த பழையாறை இந்தப் பகுதிதான். அரண்மனை என்று காட்ட எதுவும் இன்று மிச்சமில்லை. ஆனால், ஊர்ப் பெயர்கள் மிச்சமிருக்கின்றன. சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர் என்று பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே மிதிக்கலாம். காரில் போனால் நொடியில் கடந்துவிடும் பலகைகள் இவை.

பட்டீஸ்வரத்தில் தேனுபுரீஸ்வரரையும் துர்க்கையம்மனையும் தரிசித்துவிட்டுத் திரும்பினால், 10.30 மணிக்கு டிகிரி காபி. வலி எங்கே இருக்கிறது என்று அன்று இரவே கவனியுங்கள். பின்புறம் வலித்தால் கவலை வேண்டாம்; இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். முட்டி வலித்தால் சீட் உயரத்தை மாற்றுங்கள். உள்ளங்கை மரத்துப்போனால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

திங்கள்: சுவாமிமலை - திருவலஞ்சுழி (சுமார் 18 கி.மீ.)

மேற்குத் திசை என்பதால் குறுகிய பயணம். அறுபடை வீடுகளில் ஒன்றான சுவாமிமலையில், தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிக்கும் 60 படிகள். முந்தின நாள் மிதித்த கால் எப்படி இருக்கிறது என்பதை அந்தப் படிகளே சொல்லிவிடும்!

கோயிலைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். இந்த ஊரின் இன்னொரு பெருமை, சிலை வார்க்கும் ஸ்தபதிகள். தென்னை ஓலை நறுக்கை மடித்து அளவு எடுக்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகில் சிலை செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடுபடுத்த, மெழுகு உருகி வெளியேறிவிடும். உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை. அச்சு உடைந்துவிடுவதால், ஓர் அச்சில் ஒரே ஒரு சிலைதான். 2023-ல் டெல்லியில் ஜி20 மாநாடு நடந்த பாரத் மண்டபத்தின் முன்னே நிறுத்தப்பட்ட 27 அடி நடராஜர் உருவானதும் இங்கேதான். பட்டறைக்குள் போய்ப் பார்க்க வேண்டுமென்றால், வாசலில் நின்று அனுமதி கேளுங்கள். உலை எரியும் இடம் என்பதால் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் திருவலஞ்சுழி வெள்ளை விநாயகரைத் தரிசிக்கலாம். தஞ்சாவூர் மெயின் ரோட்டில் பஸ்களும் லாரிகளும் விரைந்துகொண்டே இருக்கும். அதைத் தொடும் இடங்களில் ஒருவர் பின் ஒருவராக, இடது ஓரமாக வரவும்.

செவ்வாய்: திருபுவனம் - திருவிடைமருதூர் - ஆடுதுறை - சூரியனார் கோயில் (சுமார் 36 கி.மீ.)

கிழக்கே முதல் அரை நாள் பயணம். 8 கிலோமீட்டரில் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்க சோழன் கட்டிய கம்பஹரேஸ்வரர் கோயிலில் சரபேஸ்வரர் சந்நிதி பிரசித்தம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பட்டுத் தறிகள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் கடையோடு போய்விடுகிறார்கள். சைக்கிளில் மெதுவாகப் போகிறவருக்குத் தறிச்சத்தம் கேட்கும்.

அடுத்து, மகாலிங்க சுவாமி குடிகொண்டிருக்கும் திருவிடைமருதூர். அதற்கடுத்து ஆடுதுறை. அரிசி மூட்டையில் ‘ஏ.டி.டி.’ என்ற மூன்று எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆடுதுறையின் பெயரைத் தாங்கிய நெல் ரகங்கள் அவை. நூறாண்டு கடந்த நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டரில், நவகிரகத் தலங்களில் ஒன்றான சூரியனார் கோயில்.

இந்தப் பாதையின் பெரிய அனுகூலம், பக்கத்திலேயே ஓடும் ரயில் பாதை. திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை மூன்றிலும் ரயில் நிலையம் உண்டு. குடும்பத்தில் சைக்கிள் ஓட்டாதவர்கள் பாசஞ்சர் ரயிலில் வந்து, கோயில் வாசலில் டிபன் டப்பாவோடு காத்திருக்கலாம்.

புதன்: கட்டாய ஓய்வு

‘உடம்பு நல்லாத்தானே இருக்கு, இன்னிக்கும் போனா என்ன?’ என்று தோன்றும். போகாதீர்கள். வியாழன் பயணத்துக்கான தெம்பு சேர்வது இந்த ஒரு நாளில்தான். காலையில் நிதானமாக இட்லியும் கும்பகோணம் கடப்பாவும். பிறகு, சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. 1887-ல் ஈரோட்டில் பிறந்த அவர் கணக்குகளோடு வளர்ந்தது இந்த ஓட்டு வீட்டில்தான். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாமகம் நடக்கும் குளத்தைச் சுற்றி வாருங்கள். கடந்த மகாமகம் 2016-ல், அடுத்தது 2028-ல். மாலையில் வியாழனுக்கான தண்ணீர் பாட்டில், பழம், கடலைமிட்டாய் வாங்கிவைத்துக்கொண்டு 9 மணிக்குப் படுத்துவிடுங்கள்.

வியாழன்: அணைக்கரை - கங்கைகொண்ட சோழபுரம் (போக வர சுமார் 70 கி.மீ.)

இந்த வாரத்தின் பெரிய பயணம். வடக்கே சோழபுரம், திருப்பனந்தாள் வழியாக சுமார் 25 கிலோமீட்டரில் அணைக்கரை. கொள்ளிடம் இங்கே இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவை விட்டு ஓடுகிறது. 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இதுதான். இங்கிருந்து வடவாற்றில் போகும் தண்ணீர்தான் வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணம் தண்ணீரோ குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. சென்னையிலிருந்து வந்திருப்பவர்கள், தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கிளம்பும் இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம்!

அங்கிருந்து இன்னும் 10 கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். தன் படை கங்கை வரை சென்று வென்றதன் நினைவாக ராஜேந்திர சோழன் உருவாக்கிய தலைநகரம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் நேர்க்கோடாக ஏறும்; இங்கே அதே விமானம் உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. சண்டேசருக்குச் சிவபெருமான் தன் கையால் தலையில் பூமாலை சூட்டும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள்.

சுற்றுமதிலின் பெரும்பகுதி ஏன் காணவில்லை என்று அங்கே நிற்கும்போது கேள்வி எழும். அதற்கான பதில், காலையில் கடந்துவந்த அணையில் இருக்கிறது. கீழணை கட்டும்போது கல்லுக்காக இந்தக் கோயிலின் மதிலை இடித்து எடுத்துச் சென்றார்கள். டெல்டாவின் வயல்களுக்குத் தண்ணீர் தந்த அதே அணை, சோழர் மதிலைத் தின்றுதான் எழுந்தது. காலையிலிருந்து மிதித்துவந்த 35 கிலோமீட்டரில் அணை, வயல், கோயில் மூன்றும் ஒரே கதையாகச் சேரும் இடம் இது.

இந்த நாளில் கவனமும் இரட்டிப்பாக வேண்டும். சென்னை பஸ்களும் லாரிகளும் வரும் சாலை இது. அணைக்கரைப் பாலமோ குறுகலானது. பாலத்தின் மேல் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். கடந்துபோய், ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெளிர் நிறச் சட்டை, ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு மூன்றும் கட்டாயம்.

காலை 6.15-க்குக் கிளம்பினால் 8.45 வாக்கில் அணைக்கரை, 10.15 வாக்கில் கங்கைகொண்ட சோழபுரம். ஒரு விதியை முந்தின இரவே குடும்பத்தோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: 9.15-ஐத் தாண்டியும் அணைக்கரையை எட்டவில்லை என்றால், அங்கேயே டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவது. கோயிலுக்குப் பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போகலாம். 50 கிலோமீட்டர் மிதித்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்புவது எந்த வகையிலும் தோல்வி இல்லை. நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்ற பதற்றத்தில் லாரிகளுக்கு நடுவே விரட்டி மிதிப்பதுதான் ஆபத்து.

வெள்ளி: ஒப்பிலியப்பன் கோயில் - திருநாகேஸ்வரம் - நாச்சியார்கோவில் (சுமார் 26 கி.மீ.)

பெரிய பயணத்துக்கு மறுநாள் கால்களுக்கு ஒரு மென்மையான விடைபெறல். ஒப்பிலியப்பன் கோயிலில் பெருமாளுக்கு உப்பில்லாத நைவேத்தியம். சைக்கிள் மிதித்து வியர்த்தவருக்கோ உப்புதான் அவசரத் தேவை. அதனால் பிரசாதத்தைப் பக்தியோடு சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்து உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர்! பக்கத்திலேயே ராகு தலமான திருநாகேஸ்வரம்.

நாச்சியார்கோவிலில் கல் கருடன். புறப்பாட்டின்போது சந்நிதியிலிருந்து வெளியே வர வரக் கருடனின் எடை கூடிக்கொண்டே போகும். தூக்குகிறவர்களின் எண்ணிக்கை 4, 8, 16 என்று பெருகும் என்பது ஐதீகம். புவிசார் குறியீடு பெற்ற குத்துவிளக்குகள் தயாராகும் ஊரும் இதுதான். ஐந்தடி விளக்கைப் பார்த்து ஆசைப்பட்டாலும், கேரியரில் கட்டிக்கொண்டு வர முடியாது. சின்ன காமாட்சி விளக்கு பையில் அடங்கும்.

சனிக்கிழமையைக் காலியாகவே விட்டுவையுங்கள். மழையாலோ அசதியாலோ விட்டுப்போன ஒரு பயணத்துக்கு அது இடம் கொடுக்கும். எதுவும் விட்டுப்போகவில்லை என்றால் பாத்திரக் கடைகள் இருக்கவே இருக்கின்றன!

பையில் என்ன இருக்க வேண்டும்?

* ஒரு ஸ்பேர் ட்யூப், பஞ்சர் ஒட்டும் செட், கைப்பம்பு, ஒரு ஸ்பேனர். கருவேல முள் எந்தச் சாலையிலும் இருக்கும்.
* ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு.
* வாழைப்பழம், கடலைமிட்டாய், பேரீச்சை. வழியில் இளநீர், மோர்.
* ஒரு வேட்டி அல்லது துப்பட்டா. அரை டிரவுசரோடு கோயிலுக்குள் விட மாட்டார்கள். மேலே சுற்றிக்கொள்ள ஒரு துணி இருந்தால் வாசலில் சங்கடப்பட வேண்டியதில்லை.
* முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. தை மாதப் பனியில் காலை 7 மணிக்குக்கூட எதிரே வருவது தெரியாது.
* சைக்கிளுக்கு நல்ல பூட்டு, சில்லறை, செல்போன், அடையாள அட்டை.

டெல்டா சாலைகளுக்கென்றே சில எச்சரிக்கைகள்

அறுவடை நேரத்தில் சாலையின் ஒரு பக்கத்தில் நெல்லைக் காயவைத்திருப்பார்கள். அது ஒரு குடும்பத்தின் உழைப்பு. டயரை ஏற்றாமல் சுற்றிப் போங்கள். சுற்றும் முன் பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பாருங்கள். வைக்கோல் பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது. செயினிலும் சக்கரத்திலும் வைக்கோல் சுற்றிக்கொண்டால், மிதிக்கவும் முடியாது, உருட்டவும் முடியாது.

நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். மெதுவாக நிறுத்தி, இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் சில அடிகளில் அது ஆர்வத்தை இழந்துவிடும்.

படித்துறையில் கால் நனைக்கலாம். பழக்கமில்லாத ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம். தண்ணீர் அமைதியாகத் தெரியும் இடத்திலும் மணல் அள்ளிய பள்ளம் இருக்கலாம்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் கிளம்பும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு இருந்தால் உடனே நிறுத்தி உதவி கேளுங்கள். ‘அடுத்த ஊர் வரை போய்விடலாம்’ என்ற வீம்பு வேண்டாம்.

‘எனக்கு சைக்கிள் ஓட்டியே 20 வருஷமாச்சே...’

இப்படித் தயங்குகிறவர்களில் பெண்கள் அதிகம். பள்ளிக்கூடம் முடிந்ததோடு சைக்கிளும் முடிந்துபோயிருக்கும். 1990-களின் தொடக்கத்தில், பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் நடுத்தர வயதில் முதன்முறையாகப் பெடலில் கால் வைத்தார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, யாருக்காகவும் காத்திருக்காமல் போய்வந்தார்கள். அவர்களால் முடிந்தது, ஒருமுறை கற்றதை மீண்டும் தொடங்குகிறவர்களுக்கு இன்னும் எளிது.

லீவுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் தினமும் 20 நிமிடம், தெருவிலோ மைதானத்திலோ. இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 8 கிலோமீட்டர். மூன்றாம் வாரம் ஒரு ஞாயிறு 15 கிலோமீட்டர். இது முடிந்தால் முதல் மூன்று பயணங்களும் உங்கள் கைக்குள். தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள். செல்போனில் லைவ் லொக்கேஷனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கழிப்பறைக்குக் கோயில், பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க் எங்கே இருக்கிறது என்று மேப்பில் முன்பே பார்த்துவைத்துக்கொண்டால், தண்ணீர் குடிக்கத் தயங்க வேண்டியதில்லை.

உங்கள் ஊருக்கும் பொருந்தும்!

கும்பகோணம் தூரமென்றால், இதே திட்டத்தைப் பக்கத்து ஊருக்குப் போட்டுக்கொள்ளலாம். தென்னந்தோப்புகள் சூழ்ந்த பொள்ளாச்சி, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த கம்பம் பள்ளத்தாக்கு, வயலும் கடலும் பக்கம் பக்கமாக இருக்கும் நாகர்கோவில்... எங்கே என்றாலும் சூத்திரம் ஒன்றுதான். தங்க ஓர் ஊர். முதலில் குறுகிய பயணம், பிறகு கொஞ்சம் நீளம், நடுவில் ஓய்வு, ஒரே ஒரு பெரிய நாள், கடைசியில் ஒரு காலி நாள். எதிர்காற்றில் போய், காற்றோடு திரும்புதல். திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்தல்.

ஆபீஸில் லீவுக்கு விண்ணப்பம் கொடுக்கும் அன்றே சைக்கிளுக்கும் காற்று அடித்துவைத்துவிடுங்கள். லீவு கையெழுத்தாகிக் கிடைப்பதற்குள் கால்கள் தயாராகிவிடும்.